கேம் விளையாட ரூம் எடுக்கிறதா? 18,000 வாடகைக்குக் கையெழுத்து வைக்க முந்தி

கேள்வி: அண்ணா, நாங்க மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் 14 பேர், சனிக்கிழமை பின்னேரம் 4 மணி நேரம் போர்ட் கேம் விளையாடுற குரூப். கட்டான், டிக்கெட் டு ரைட், கரம், 304 சீட்டாட்டம், கொஞ்சப் பேர் டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். மூணு பேர் காத்தான்குடியில இருந்து வாறாங்க. இவ்வளவு நாளும் ஒரு பிரெண்ட்ட வீட்டு ஹோல்ல விளையாடினம், இப்ப அவன்ட அம்மம்மாக்கு சுகமில்ல, அங்க ஏலாது. திருமலை வீதியில ஒரு கடை ரூம் மாசம் 18,000க்கு இருக்கு, ஆறு மாச அட்வான்ஸ் கேக்கிறார், வெள்ளிக்குள்ள பதில் சொல்லணும். கையில சேர்த்தது 84,000. மிச்சம் 24,000க்கு ஒருத்தன் அவன்ட செயின அடகு வச்சுத் தாறன் எண்டு நிக்கிறான். எடுக்கலாமா?

பதில்: தம்பி, முதல்ல அந்தச் செயின் கழுத்திலயே கிடக்கட்டும். விளையாட்டுக்காக அடகு வச்சு, வட்டி ஒரு பக்கம் ஏற, மூணாம் மாசம் அந்தப் பொடியன் குரூப்ப விட்டுப் போனா யார் மீட்டுக் குடுக்கிறது? கணக்கும் முறியும், கூட்டும் முறியும்.

இப்ப கணக்குக்கு வாறன். 18,000 வாடகை எண்டு மட்டும் பாக்காதீங்க, கரண்ட், தண்ணி, கூட்டித் துடைக்கிறது எல்லாம் சேர்த்து மாசம் 3,000 வையுங்க (கடை மீட்டருக்கு வீட்டுக் கட்டணம் இல்ல, அது வேற கணக்கு), ஆக 21,000. நீங்க அந்த ரூமில இருக்கப்போறது மாசத்துக்கு 16 மணி நேரம். அப்ப மணித்தியாலத்துக்கு 1,300க்கு மேல குடுக்கிறீங்க, மிச்ச நேரமெல்லாம் ரூமில பல்லிதான் விளையாடும். 14 பேரும் ஒழுங்காக் கட்டினா ஆளுக்கு 1,500. ஆனா 14 பேர் குரூப் எண்டா 14 பேர் கட்டுவாங்க எண்டு நம்பாதீங்க. ஒருத்தன் கட்டாருக்குப் போவான், ஒருத்திக்குக் கலியாணம் சரிவரும், ஒருத்தர் கம்பஸ் பரீட்சை எண்டு ரெண்டு மாசம் காணாமப் போவார். 9 பேர் மிஞ்சினா ஆளுக்கு 2,300 தாண்டுது, அதோட இன்னும் ரெண்டு பேர் கழருவாங்க.

இத நான் புத்தகத்தில படிச்சுச் சொல்லல்ல. இருபத்திரெண்டு வயசில நாங்களும் கரம் கிளப் எண்டு ஒரு ரூம் எடுத்தம், ஆறாம் மாசம் சாவியோட நானும் இன்னும் மூணு பேரும்தான் மிச்சம், அட்வான்ஸ் காசு வாய்ப்பேச்சில குடுத்தது, சுவர் பழுதாப் போச்சு அது இது எண்டு வீட்டுக்காரர் பாதிதான் திருப்பித் தந்தார். அந்த ரெண்டு கரம் போர்டும் இன்னும் எங்கட அலுமாரிக்குப் பின்னால சாஞ்சு நிக்குது.

உங்களுக்கு ரூம் தேவையில்ல, நாலு மேசை போதும். கட்டான் அடிப்படை கேம் 3 இல்லாட்டி 4 பேருக்குத்தான், டிக்கெட் டு ரைட்டுக்கு 5 பேர் வரைக்கும், 304க்கு நாலு பேர். பிறகு என்னத்துக்கு 14 பேரும் எல்லாக் கிழமையும் ஒரே கூரைக்குக் கீழ? அந்த அம்மம்மாட வீட்டில கஷ்டமாப் போனது 14 சோடி செருப்பு வாசல்ல கிடந்ததாலதான், நாலு பேர் வந்து ஒரு மூலையில இருந்து விளையாடினா எந்த வீட்டிலயும் பெருசா முகம் சுளிக்க மாட்டாங்க. அதால மாசத்தில ரெண்டு சனிக்கிழமை பிரிஞ்சு வீடுகள்ல விளையாடுங்க, மத்த ரெண்டுக்கு மட்டும் எல்லாரும் சேருற இடம் தேடுங்க.

அந்த ரெண்டு நாளுக்கு என்ட முதல் தெரிவு ரியூசன் சென்டர். சனி பின்னேரம் நெருக்கடிதான், ஆனா இரவு ஏழுக்குப் பிறகு, போயா (பௌர்ணமி லீவு) நாள்ல எல்லாம் கேட்டுப் பாருங்க. முக்கியமா ஓ.எல், ஏ.எல், ஸ்கொலர்ஷிப் பரீட்சை நெருங்கினா பரீட்சைத் திணைக்களம் அந்தந்த வகுப்பு ரியூசனுக்குத் தடை போடும்தானே, அந்த நாள்ல ஹோல் சும்மா கிடக்கும், நடத்துறவருக்கும் வருமானமில்ல, விலை பேச அதுதான் நேரம். ஒரு பின்னேரத்துக்கு 1,500 சொல்லித் தொடங்குங்க, 2,000க்கு மேல போகாதீங்க. ஒரு தொல்லை, அந்த வாங்குமேசை எல்லாம் ஒடுக்கம், கட்டான் போர்ட விரிச்சா ஓரம் தொங்கும். ரெண்டு மேசைய ஒட்டி வச்சு மேல ஒரு பிளைவூட் துண்டு போட்டா சரி. மேல ஃபேன் சுத்தினா கார்ட் பறக்கும், நிப்பாட்டினா சித்திரை வெயில்ல ஆள் அவிஞ்சு போகும், அதுக்கு கரம் காய எடுத்து ஒவ்வொரு கட்டுக்கு மேலயும் வையுங்க. கல்லடி பீச் சும்மாதானே எண்டு யாரும் சொன்னா தரையில இருந்து கடல் பக்கம் கச்சான் காத்தடிக்கிற மாசத்தில ஒருக்காக் கூட்டிப் போய்க் காட்டுங்க, காசு போட்டு வாங்கின கார்ட் எல்லாம் நேரா கடலுக்குத்தான் போகும்.

அடுத்தது கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பொதுநோக்கு மண்டபம். சங்கத் தலைவர பிடிக்கத் தெரியாட்டி கிராம சேவகரிட்ட கேளுங்க, வழி காட்டுவார். குடுக்கிற காசுக்கு ரசீது வாங்குங்க. கோயில் மண்டபம் மலிவுதான், ஆனா வைகாசியில கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினா அந்த இடம் உங்களுக்கில்ல, காத்தான்குடிப் பிள்ளைகளுக்கும் அது வசதியா எண்டு முதல் அவங்களிட்டக் கேளுங்க. நோன்பு மாசத்தில நேரத்தையே மாத்த வேண்டி வரும், அத இப்பவே பேசி வையுங்க. ஹோட்டல் ஹோல் பக்கம் போகவே வேணாம், சொல்ற விலைக்கு மேல 10 வீதம் சேவைக் கட்டணம், 18 வீதம் வட் எண்டு பில் வீங்கி வரும்.

எங்க போனாலும் இடத்துக்காரர் முதல்ல பயப்படுறது சூதுக்கு. 304 எண்ட உடனேயே அவங்கட கண்ணுக்கு முன்னால காசு வச்சு ஆடுறதுதான் வரும். சூதாட்டத்துக்கு எண்டு சட்டம் இருக்கு, காசு வச்சு ஆடுறவங்களுக்கு மட்டுமில்ல இடம் குடுக்கிறவருக்கும் அதால தலையிடி. அதால முதல் நாள் கேம் பெட்டியக் கொண்டு போய் மேசையில விரிச்சுக் காட்டுங்க, காசு வச்சு விளையாட மாட்டம் எண்டு எழுதியும் குடுங்க. தோத்தவன் கொத்து வாங்கித் தரணும் எண்ட பந்தயத்தையும் விட்டிடுங்க தம்பி, பாக்கிறவனுக்கு எல்லாம் ஒண்டுதான்.

காசு சேர்க்கிறது வந்த நாளுக்கு இவ்வளவு எண்டு வேணாம், மாசம் பிறக்க முதலே ஆளுக்கு 400. 11 பேர் கட்டினாலே 4,400, ரெண்டு நாள் ஹோல் 4,000 முடிஞ்சு பிளேன்டிக்கும் கொஞ்சம் மிஞ்சும். கிளப் பேரில பேங்க் எக்கவுண்ட் எண்டா யாப்பு (கிளப் விதிகள்), கூட்டக் குறிப்பு எல்லாம் கேப்பாங்க, அது வரைக்கும் ரெண்டு பேர் பேரில, ரெண்டு கையெழுத்தும் வச்சாத்தான் எடுக்கலாம் எண்டு ஒரு சேமிப்புக் கணக்கு போதும். 84,000ல 24,000 அதில கிடக்கட்டும், மிச்சம் 60,000 ஆறு மாச நிலையான வைப்பு. வட்டியில 10 வீதம் வரி பிடிப்பாங்க, இந்தத் தொகைக்கு அது பெரிய கவலையில்ல.

எப்பவாவது ரூம் எடுக்கிற நிலமை வந்தா, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதினாத்தான் சட்டத்தில நிக்கும், அட்வான்ஸ் எப்ப எப்பிடித் திரும்பும் எண்டதையும் அதிலயே எழுதுங்க. எங்களுக்கு அது இல்லாமத்தான் பாதிக் காசு போனது.

திருமலை வீதிக் கடைக்காரருக்கு வெள்ளிக்கிழமை வேணாம் எண்டு சொல்லுங்க. சொல்லேக்க, மாசத்தில ரெண்டு சனிக்கிழமை மட்டும் 2,000 படி தருவீங்களா எண்டும் கேளுங்க, வேற ஆள் வாற வரைக்கும் பூட்டிக் கிடக்கிற ரூம்தானே.