டொக்கிங்கில் எந்தப் புள்ளியிடும் சார்பு? – கேள்வி பதில்

(டொக்கிங்: ஒரு சிறு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது. புள்ளியிடும் சார்பு: அப்பிணைப்பின் வலிமைக்குப் புள்ளி தரும் கணிப்புமுறை.)

வந்தாறுமூலை மாணவி: ஒரு நொதியத்தைத் தடுக்கும் 40 சேர்வைகளின் ஐசி50 மதிப்புகளை (நொதியத்தின் செயலைப் பாதியாகக் குறைக்கும் செறிவுகளை) பல கட்டுரைகளிலிருந்து திரட்டினேன். வைனா என்ற டொக்கிங் மென்பொருள் தரும் புள்ளிகளோடு தொடர்புக் குணகம் 0.4 மட்டுமே. சார்பை மாற்ற வேண்டுமா, ஐயா?

பதில்: முதலில் அம்மதிப்புகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று பாருங்கள். மடக்கை அளவில் (ஓர் அலகு என்றால் பத்து மடங்கு) அவை ஒரே அலகுக்குள் சீராகப் பரவியிருந்து, அளவீட்டு வழுவின் நியம விலகல் அரை அலகாக இருந்தால், உண்மையைப் பிசகின்றிச் சொல்லும் சார்புக்குக்கூட ஏறத்தாழ 0.5 தான் கிடைக்கும்; அதே வழுவோடு நான்கு அலகுகளில் பரவியிருந்தால் 0.92 வரை எட்டலாம். பல ஆய்வுகூடங்களின் முடிவுகளைக் கலக்கும்போது அரை அலகு வழு வியப்புக்குரியதன்று. மேலும், போட்டித் தடுப்பியின் ஐசி50, கீழ்ப்படையின் (நொதியம் வினைபுரியும் பொருளின்) செறிவோடு மாறுவது. அச்செறிவு கேஎம்முக்கு (நொதிய வேகம் உச்சத்தின் பாதியை எட்டும் கீழ்ப்படைச் செறிவுக்கு) சமமானால் ஐசி50, கேஐயின் (தடுப்பி பிணையும் வலிமையைக் காட்டும் மாறிலியின்) இரு மடங்கு. செறிவு கேஎம்மின் ஒன்பது மடங்கானால் ஐசி50 பத்து மடங்கு. செங்–புரூசொஃப் சமன்பாடு 1973இலேயே இதைச் சொல்லிவிட்டது. செறிவைக் குறிப்பிடாத கட்டுரையின் எண்ணை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

சம்மாந்துறை விரிவுரையாளர்: 2010ஆம் ஆண்டின் வைனா கட்டுரையே தன் நியம வழுவை 2.85 கிலோகலோரி/மோல் என்கிறது. அறைவெப்பநிலையில் மடக்கை அலகு ஒன்று ஏறத்தாழ 1.4 கிலோகலோரி. சார்பே இரண்டு அலகு தவறும்போது தரவைக் குறை சொல்வானேன்?

பதில்: அந்த எண் பலவகைப் புரதங்களைக் கலந்து பெற்றது. ஒரே புரதத்துக்குள், எல்லாச் சேர்வைகளுக்கும் பொதுவான வழு வரிசையைக் குலைக்காது. மாணவிக்குத் தேவைப்படுவதும் வரிசைதான்.

அவரே மீண்டும்: அப்படியானால் பல அளவீடுகளின் சராசரியை எடுத்தால் போதாதா?

பதில்: எழுமாற்று வழுவைச் சராசரி குறைக்கும், செறிவு வேறுபாட்டால் வந்த ஒருபக்க வழுவைக் குறைக்காது. தரவுத்தளத்தில் மும்முறை காணப்படும் எண், ஒரே கட்டுரையிலிருந்து மூன்று மீளாய்வுகளுக்குப் படியெடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதைச் சராசரி எடுப்பது, ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுவது போன்றது. தங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்காமல் அதைத் தீர்க்க வழியில்லை.

கல்முனை: எந்த மென்பொருள் சிறந்தது?

பதில்: எந்த வேலைக்கு? பிணைப்பு நிலையைக் காண்பதற்கானால், படிகக் கட்டமைப்பிலுள்ள மூலக்கூறை எடுத்து மீண்டும் பொருத்தி, படிகத்தில் இருந்த நிலையிலிருந்து 2 அங்ஸ்திரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு ஐசி50 வேண்டியதில்லை. ஆனால் அம்மூலக்கூறின் இலத்திரன் அடர்த்தி தெளிவாக இருக்க வேண்டும். வரிசைப்படுத்துவதற்கானால், மூலக்கூற்றுத் திணிவு ஒன்றை மட்டும் வைத்து வரிசைப்படுத்தியதைவிட உங்கள் சார்பு மேலானதா என்று சோதியுங்கள். பல சார்புகள் பெரிய மூலக்கூறுகளுக்குப் புள்ளிகளை வாரி வழங்கும்.

காத்தான்குடி: அஸ்ஸலாமு அலைக்கும். மஞ்சளின் குர்குமின் எந்த நொதியத்தோடும் நன்றாகப் பொருந்துகிறதே?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். அதுவே எச்சரிக்கை. குர்குமின் பல சோதனைகளில் பொய்யான தடுப்பைக் காட்டும் சேர்வை. சோதனைக் கரைசலில் 0.01 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100 என்ற அழுக்ககற்றியைச் சேர்த்ததும் தடுப்பு மறைந்தால், அது பெரும்பாலும் மூலக்கூறுகள் திரண்டதன் விளைவு. அத்தகைய எண்ணை வைத்துச் சார்பைத் தெரிவு செய்யாதீர்கள்.

ஏறாவூர்: வைனாவா, கிளைடு என்ற டொக்கிங் மென்பொருளா?

பதில்: கல்முனைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

அக்கரைப்பற்று: “10 மைக்ரோமோலருக்கு மேல்” என்ற பதிவுகளை 10 என்று எழுதலாமா?

பதில்: கூடாது, நீக்கவும் கூடாது. செயலற்றவை என்று தனி வகுப்பாக வைத்து, செயலுள்ளவற்றுக்குக் கீழே அவற்றைத் தள்ளும் சார்பு எது என்று பாருங்கள். கீழ்ப்படையின் செறிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும்தான்.