ஃபியூச்சர்ஸ் விலை 8 ரூபாய் கூட இருந்தால் அது லாபமா?

அம்பாசமுத்திரம் வாசகர் ஒருவரின் கேள்வி: “வங்கி எஃப்.டி.யில் 6.5 சதவீத வட்டிக்கு 6 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறேன். ‘ஒரு பங்கை 1,000 ரூபாய் வீதம் 500 வாங்குங்கள். அதே பங்கின் ஃபியூச்சர்ஸை 1,008-க்கு ஒரு லாட் விற்றுவிடுங்கள். 30 நாளில் பங்கு ஏறினாலும் இறங்கினாலும் 4,000 ரூபாய் நிச்சயம்’ என்கிறார் புரோக்கர் ஆபீஸ்காரர். இறங்கலாமா?”

வேண்டாம். ஃபியூச்சர்ஸ் என்பது பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் ஒப்பந்தம். லாட் என்பது ஒரு ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகள், இங்கே 500. முடிவு நாளில் ஃபியூச்சர்ஸ் விலையும் பங்கு விலையும் ஒன்றாகிவிடும், அதனால் 8 ரூபாய் வித்தியாசம் கைக்கு வரும் என்பது கணக்குப்படி சரிதான். அதை லாபம் என்று சொல்வதில்தான் கோளாறு.

உங்கள் ஊர் அம்பை 16 ரக நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தரவேண்டிய மூட்டைக்கு இன்றே விலை பேசினால், வியாபாரி வட்டியையும் குடோன் வாடகையையும் ஏற்றித்தான் சொல்வார். பங்குக்குக் குடோன் வேண்டாம், வட்டி மட்டும் போதும். இடையில் டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபப் பங்கு) வந்தால், தோப்பை வைத்திருப்பவருக்குத் தேங்காய் சேர்வதுபோல அது பங்கை வைத்திருப்பவருக்குப் போகும். அதைக் கழிக்க வேண்டும். ஆக, ஃபியூச்சர்ஸின் நியாய விலை என்பது இன்றைய விலையோடு வட்டியைக் கூட்டி, டிவிடெண்டைக் கழித்தது. பங்கு ஏறுமா இறங்குமா என்ற ஜோசியத்துக்கு இதில் இடமே இல்லை.

ஒரு பங்குக்குக் கணக்குப் போடுவோம். 1,000 ரூபாய்க்கு 30 நாள் வட்டி 5.34. ஃபியூச்சர்ஸ் விற்க மார்ஜின், அதாவது பிணையாக வைக்கும் பணம், வேண்டும். 20 சதவீதம் என்று வைத்தால் 200 ரூபாய், அதன் வட்டி 1.07. பங்கு வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), ஆக 2 ரூபாய். முத்திரைத் தீர்வை 15 பைசா. ஃபியூச்சர்ஸ் விற்பனைக்கான எஸ்.டி.டி. 2024 அக்டோபரில் 0.02 சதவீதமானது. அந்த விகிதத்திலேயே வைத்தாலும் 20 பைசா. மொத்தம் 8.76. கைக்கு வருவதோ 8. பங்குக்கு 76 பைசா குறைவு. எஃப்.டி.யைத் தொடாமல் இருந்திருந்தால் 500 பங்குக்கு 380 ரூபாய் மிச்சம். புரோக்கரேஜ், ஜி.எஸ்.டி., டிமேட் (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) கட்டணம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

பணம் முடங்குவது வேறு கதை. பங்கு 1,100-க்குப் போனால் டிமேட்டில் 50,000 ரூபாய் கூடியதாகத் தெரியும். ஆனால் ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றைக்கு ரொக்கமாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் புரோக்கர் ஃபியூச்சர்ஸை மட்டும் முடித்துவிடுவார். பிறகு பங்கு இறங்கினால் அந்த நஷ்டத்தைத் தாங்க மறுபக்கம் எதுவும் இருக்காது.

புரோக்கர்கள் வாய் திறக்காத இடம் வருமான வரி. பங்கு 900-க்கு இறங்கினால் ஃபியூச்சர்ஸில் 54,000 லாபம், பங்கில் 50,000 நஷ்டம். பங்கை முதலீடாகக் காட்டுபவருக்கு முன்னது தொழில் வருமானம், பின்னது குறுகிய கால மூலதன நஷ்டம். மூலதன நஷ்டத்தைத் தொழில் வருமானத்தில் கழிக்க முடியாது. 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், 4,000 ரூபாய் சம்பாதித்ததற்கு 16,200 ரூபாய் வரி, செஸ் தனி. அந்த நஷ்டத்தை 8 ஆண்டுவரை கொண்டுபோகலாம், ஆனால் மூலதன ஆதாயத்தில் மட்டுமே கழிக்கலாம். பங்கு ஏறினால் இந்த வம்பு இல்லை.

ஃபியூச்சர்ஸ் விலை பங்கு விலைக்குக் கீழே இருந்தால் மாற்றிச் செய்யலாமே என்று தோன்றும். கையில் இல்லாத பங்கை விற்று ஒரு மாதம் வைத்திருக்க, அதைக் கடன் வாங்க வேண்டும். சிறு முதலீட்டாளருக்கு அது லேசில் கிடைக்காது. பல சமயம் அந்த இறக்கமே வரப்போகும் டிவிடெண்டால் வந்ததாக இருக்கும்.

இதே வேலையை ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகள் என்ற மியூச்சுவல் ஃபண்டுகள் பெரிய தொகையில், குறைந்த செலவில் செய்கின்றன. உள்ளே நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஓராண்டு தாண்டி எடுத்தால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. சில வாரங்களுக்குள் எடுத்தால் எக்ஸிட் லோட் (வெளியேறும் கட்டணம்) பிடிப்பார்கள், எத்தனை நாள் என்று போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.