நாட்டுக்காக ஆடும் பன்னிருவர்: கூடைப்பந்தாட்டம் பற்றி வாசகர் கேட்டவை

தேசிய ஆடவர் கூடைப்பந்தாட்டக் குழாங்கள் எவ்வாறு அமைகின்றன, உலகக்கிண்ணத்தில் அவை எவ்வாறு ஆடுகின்றன என்பது தொடர்பாக மலையக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதிலளிக்கிறோம்.

கேள்வி: 2023 உலகக்கிண்ணத்துக்கு வந்த அமெரிக்கக் குழாத்தின் பன்னிருவருமே, வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யின் வீரர்கள். அப்படியிருந்தும் அந்த அணி நான்காம் இடத்தையே பெற்றது. ஜேர்மனியோ சம்பியனானது. இது எப்படி நேர்ந்தது? (ஹட்டன் வாசகர்)

பதில்: அமெரிக்க வீரர்களின் தனித்திறனில் குறையேதும் இருக்கவில்லை, அவர்கள் ஓரணியாகப் பழகியிருந்த காலம்தான் போதாமலிருந்தது. சில வாரப் பயிற்சியோடு, போட்டி நடைபெற்ற மணிலாவுக்கு வந்த அந்தக் குழாத்துக்கு நேர்மாறாக, ஜேர்மனி தன் வெற்றிக்கான அடித்தளத்தை 2021இலேயே இட்டுவிட்டது. அவ்வாண்டில் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற கனடிய நாட்டவரான கோர்டன் ஹேர்பர்ட், மூன்று ஆண்டுகளுக்குத் தேசிய அணியோடு இருப்போம் என்ற உறுதியைத் தம் வீரர்களிடம் கேட்டுப் பெற்றார். கழகங்களின் நீண்ட பருவகாலம் முடிந்து உடல் ஓய்வு தேடும் மாதங்களில், பெரிய சம்பளம் எதையும் எதிர்பாராமல் நாட்டுக்காக மீண்டும் மீண்டும் வந்து கூடுவதென்பது சாதாரண விடயமன்று. அவர்கள் வந்தார்கள். 2022இல் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் வென்ற அதே அணியின் முதுகெலும்பான வீரர்கள் மறு ஆண்டில் உலகக்கிண்ணத்தில் தாம் ஆடிய எட்டுப் போட்டிகளிலும் வென்றார்கள். அரையிறுதியில் அமெரிக்காவை 113–111 என்ற புள்ளிகளிலும், இறுதிப் போட்டியில் சேர்பியாவை 83–77 என்ற புள்ளிகளிலும் வீழ்த்தினார்கள். தொடரின் சிறந்த வீரராக டெனிஸ் ஷ்ரோடர் தெரிவானார். மூன்றாம் இடத்துக்கான போட்டியில் கனடாவிடமும் மேலதிக நேரத்தில் 127–118 எனத் தோற்றுத்தான் அமெரிக்கா வெறுங்கையோடு திரும்பியது.

விதிகளின் வேறுபாட்டையும் இங்கே கணக்கிலெடுக்க வேண்டும். என்.பி.ஏ. போட்டி 48 நிமிடம். சர்வதேசப் போட்டி 40 நிமிடம். அங்கே ஆறாவது தவறோடும் இங்கே ஐந்தாவது தவறோடும் வீரர் வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீற்றர் தொலைவிலும் இங்கே 6.75 மீற்றர் தொலைவிலும் இருக்கிறது. வளையத்தில் பட்டுவிட்ட பந்தை, அது வளையத்தின் மேலே இருக்கும்போதே தட்டிவிடுவதற்குச் சர்வதேச விதி இடமளிக்கிறது, என்.பி.ஏ. விதி இடமளிப்பதில்லை. நேரம் குறைவாக இருப்பதால், பத்து நிமிடக் கால்பகுதி ஒன்றைக் கைவிட்ட அணி அதை ஈடுசெய்வது மிகக் கடினம். லெப்ரோன் ஜேம்ஸ், ஸ்டெபன் கரி, கெவின் டுரான்ட் ஆகிய மூவரையும் கொண்டு 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அமெரிக்கக் குழாம்கூட, அரையிறுதியில் சேர்பியாவிடம் 17 புள்ளிகள் பின்தங்கியிருந்து, கடைசிக் கால்பகுதியில்தான் மீண்டு 95–91 என வென்றது.

கேள்வி: தகுதிகாண் போட்டிகளில் ஆடி நாட்டை உலகக்கிண்ணத்துக்குக் கொண்டுசென்ற வீரர்கள் பலர், பின்னர் குழாத்தில் இடம்பெறாமற் போவது ஏன்? குழாம் புறப்பட்ட பின் ஒருவர் காயமுற்றால் மாற்று வீரரை அழைக்கலாமா? (பொகவந்தலாவை வாசகர்)

பதில்: 2017 நவம்பரிலிருந்து தகுதிகாண் போட்டிகள் பெரும்பாலும் பருவகாலத்தின் நடுவில், குறித்த சில நாட்களில், சொந்த மண்ணிலும் எதிரணியின் மண்ணிலுமாக நடத்தப்படுகின்றன. அந்நாட்களில் என்.பி.ஏ. பருவகாலமும் நடைபெறுவதால் அங்குள்ள வீரர்கள் விடுவிக்கப்படுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் நெடுந்தூரம் பயணித்து நுழைவுச்சீட்டைப் பெற்றுத் தருபவர் ஒருவராகவும், ஆகஸ்டில் அந்தச் சட்டையை அணிபவர் இன்னொருவராகவும் ஆகிவிடுகிறார். என் மனத்துக்கு இது நியாயமாகப் படவில்லை. பெரிய பெயர்களுக்கு இடமளிக்க வேண்டிய கட்டாயம் பயிற்றுநருக்கு உண்டு என்பது உண்மையே. எனினும், தகுதிகாண் ஆட்டங்களில் உழைத்தவர்களில் சிலரையேனும் இறுதிப் பன்னிருவரில் வைத்திருக்கும் அணிகளிடமே ஒட்டுறவு கூடுதலாகத் தெரிகிறது.

தொடர் தொடங்கிய பின் மாற்று வீரருக்கு இடமில்லை. 2023இல் தென் சூடானுடனான போட்டியில் சேர்பிய வீரர் போரிஷா சிமானிச்சின் இடுப்புப் பகுதியில் எதிரணி வீரரின் முழங்கை பட்டது. அந்தக் காயத்தால் அவருடைய சிறுநீரகம் ஒன்றை அகற்ற வேண்டியதாயிற்று. எஞ்சிய பதினொருவரோடுதான் சேர்பியா இறுதிப் போட்டிவரை சென்றது. அந்நாட்டின் மிகப் பெரிய வீரரான நிக்கோலா யோக்கிச்சும் அத்தொடருக்கு வந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் வென்ற வெள்ளியின் அருமை விளங்கும்.

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஜோர்டன் கிளார்க்சன் பிலிப்பைன்ஸ் அணிக்காக ஆடினார். யாரும் எந்த நாட்டுக்கும் ஆடலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: ஆட முடியாது. 16 வயதை எட்டிய பின்னர் ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவர்களுள் ஒருவருக்கு மட்டுமே அந்நாட்டின் பன்னிருவரில் இடமுண்டு என்பது சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதி. ஜப்பானின் ஜோஷ் ஹோக்கின்சன், தென் சூடானின் கார்லிக் ஜோன்ஸ் ஆகியோர் இவ்வாறு வந்தவர்கள். இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். பணம் படைத்த நாடுகள் அயல்நாட்டு வீரர்களை வாங்கி ஓர் அணியை உருவாக்கிவிடாமல் தடுப்பதால், இந்த விதி தேவையானதே.

கிளார்க்சனின் நிலை சற்று வேறானது. தாய்வழியில் அவருக்குப் பிலிப்பைன்ஸ் பூர்வீகம் உண்டு. ஆனாலும் கடவுச்சீட்டை 16 வயதுக்கு முன் பெறவில்லை என்பதால் அவரும் அந்த ஓரிடத்துக்குள்ளேயே அடக்கப்படுகிறார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் உரிமையிழந்து, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை பத்திரத்துக்காகக் காத்திருந்த பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் கொண்ட மலையக மக்களுக்கு, ஒருவரின் பூர்வீகம் ஒன்றாகவும் அவர் கையிலுள்ள பத்திரத்தின் திகதி வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் வழியில் நாட்டோடு தொடர்புள்ளவரையும், விளையாட்டுக்காக மட்டுமே குடியுரிமை பெற்றவரையும் ஒரே தராசில் நிறுப்பது திருத்தப்பட வேண்டும் என்பதே எனது உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் ஊரில் மழையும் பனிமூட்டமும் ஓய்வதில்லை, உள்ளரங்கும் இல்லை. இத்தகைய நிலையிலிருந்து உலக அரங்குக்குச் சென்ற அணி உண்டா? (நுவரெலியா வாசகர்)

பதில்: உண்டு. 2011இல் சுதந்திரம் பெற்ற தென் சூடானில், அதன் அணி உலக அரங்குக்குச் சென்றபோது முறையான உள்ளரங்கு இருக்கவில்லை. போரினால் அகதிகளாகப் பல நாடுகளில் வளர்ந்த இளைஞர்களே அதன் குழாத்தில் பெரும்பாலானோர். என்.பி.ஏ.யில் ஆடி ஓய்வுபெற்ற லூல் டெங் சம்மேளனத் தலைவராகி அவர்களை ஒன்றுதிரட்டினார். 2023இல் முதன்முறையாக உலகக்கிண்ணத்துக்கு வந்து சீனா, பிலிப்பைன்ஸ், அங்கோலா ஆகிய அணிகளை வென்று, ஆபிரிக்காவின் சிறந்த அணியாகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதிபெற்றார்கள். பாரிஸில் முதற்போட்டிக்கு முன் தவறுதலாக வேறொரு நாட்டின் கீதம் ஒலிபரப்பப்பட்டது. அதன் பிறகும் அவர்கள் புவேர்ட்டோ ரிக்கோவை 90–79 என வென்றார்கள்.

மழையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கூடைப்பந்தாட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 1936இல், பேர்லினில் போட்டிகள் திறந்தவெளி மண் தரையில் நடைபெற்றன. கொட்டும் மழையில் நடந்த இறுதிப் போட்டியில் பந்தைத் தரையில் தட்டி எழுப்பவே இயலாததால், அமெரிக்கா கனடாவை வென்ற புள்ளிக் கணக்கு வெறும் 19–8.

கேள்வி: நான் உடற்கல்வி ஆசிரியர். தோட்டப்புறப் பிள்ளைகள் உயரம் குறைந்தவர்கள் என்று கூறிக் கூடைப்பந்தாட்டத்தை ஒதுக்கி, கரப்பந்தாட்டத்தையும் கிரிக்கெட்டையும் மட்டுமே ஊக்குவிக்கிறார்கள். உயரமில்லாதவருக்கு இந்த விளையாட்டில் இடமில்லையா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும்வரை உயரத்துக்கு மதிப்பிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் ஐவரும் வளையத்தடியில் நிற்பதில்லை. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவருக்கு வேகமும் பார்வையும் துணிவுமே முதன்மை. ஜப்பானின் யூக்கி கவாமுராவின் உயரம் ஏறத்தாழ 172 சென்ரிமீற்றர். 2023 உலகக்கிண்ணத்தில், ஜப்பானின் ஒகினாவாவில் உயரமான பின்லாந்து அணிக்கு எதிராக அவர் 25 புள்ளிகள் பெற்றார். ஜப்பான் 98–88 என வென்றது. மறு ஆண்டு பாரிஸில், மேலதிக நேரம்வரை நீண்ட போட்டியில் பிரான்ஸிடம் 94–90 எனத் தோற்றபோதும் அவருடைய புள்ளிகள் 29. தம்மைவிட உயரமான அணிகளை எதிர்கொள்ள, பயிற்றுநர் டொம் ஹோவாஸ் இடைவிடாத ஓட்டத்தையும் மூன்று புள்ளி எறிதலையும் தம் வீரர்களுக்குப் பழக்கியிருந்தார்.

இன்னொன்றையும் கூற வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். பரம்பரை மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்காது. உணவும், தாய்மாரின் நலமும், வேதனமும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பிள்ளையின் உயரத்தைக் காரணம் காட்டிப் பந்தை அவன் கையிலிருந்து பறிப்பது, இழைக்கப்பட்ட அநீதிக்கு மேல் இன்னோர் அநீதி. தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள், ஆசிரியரே.

கேள்வி: உலகக்கிண்ணத்தில் இலங்கை ஏன் இல்லை? (மாத்தளை வாசகர்)

பதில்: 2023இல் 32 அணிகளில் ஆசியா, ஓசியானியா இரண்டுக்குமாக எட்டு இடங்களே இருந்தன, அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அந்த எட்டுக்குள்ளேயே வருகின்றன. போட்டியை நடத்திய மூன்று நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவே தகுதிபெறவில்லை என்றால் போட்டியின் கடுமை புரியும். தென்னாசிய மட்டத்தில் இலங்கை பின்தங்கிவிடவில்லை. 2019 தெற்காசிய விளையாட்டு விழாவில் எமது ஆடவர் அணி இந்தியாவுக்கு அடுத்ததாக வெள்ளி வென்றது. 2022இல் பர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் அணிக்கு மூவர் ஆடும் போட்டியிலும் இலங்கை பங்கேற்றது. அந்த வடிவத்துக்கு நால்வர் கொண்ட குழாமும், பாதி ஆடுகளமும், ஒரேயொரு வளையமும் போதும். பத்து நிமிடத்தில் அல்லது 21 புள்ளிகளில் ஆட்டம் முடிந்துவிடும். சமதரை கிடைப்பதே அரிதான மலைநாட்டுப் பாடசாலைகள் முதலில் இதைத் தொடங்கலாம் என்பது என் பரிந்துரை.

கேள்வி: அடுத்த உலகக்கிண்ணம் எப்போது? (கண்டி வாசகர்)

பதில்: 2027 ஆகஸ்ட் 27 முதல் செப்டெம்பர் 12 வரை, கட்டாரின் தோகா நகரில் 32 அணிகளோடு நடைபெறவுள்ளது. கட்டார் நேரம் எமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை இங்கே பத்தரை மணிக்குப் பார்க்கலாம்.