டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெற்றுவிட்டால் அரசுப் பள்ளி வேலை உறுதிதானே? தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழு நேரமாகப் படிக்கலாமா?

உறுதி இல்லை. வேலையை விடாதீர்கள்.

நீங்கள் பி.எட். முடித்து, ஏதோ ஒரு மெட்ரிக் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். "ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தால் போதும், டெட் முடித்தால் வேலைதான்" என்று பயிற்சி மையத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். 2012இல் என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கத் தேவையான தகுதியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. குழுமம் 2010 ஆகஸ்டில் டெட்டைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2011 நவம்பரில் அதற்கு அரசாணை போட்டது. டெட்டில் தேர்ச்சி பெறுவதால் மட்டும் வேலைக்கு உரிமை வந்துவிடாது என்று குழுமத்தின் வழிகாட்டு நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறது. யாரை, எந்த வரிசையில் நியமிப்பது என்பது மாநில அரசின் அரசாணையைப் பொறுத்தது. அந்த அரசாணை மாறிக்கொண்டே இருக்கும்.

நான் கணிதப் பட்டதாரி. 1996இல் பிளஸ் டூ, 2001இல் பி.எட். அந்த ஆண்டே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். அப்போது பதிவு மூப்புதான் பேச்சு, அதாவது முதலில் பதிவு செய்தவருக்கு முதலில் வேலை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப்போய்ப் புதுப்பித்து, அட்டையில் முத்திரை வாங்கி வருவேன். என் முறை நெருங்குகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் விதி மாறியது. 2012 ஜூலையில் முதல் டெட். ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகள். எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை, நானும் தேறவில்லை. 2013 ஆகஸ்ட் 18 அன்று, மூன்று மணி நேரத் தேர்வில், இரண்டாம் தாளில் 98 மதிப்பெண் பெற்றேன். தேர்ச்சிக்கு 90 போதும். என் தந்தை தெரு முழுவதும் இனிப்பு கொடுத்தார்.

அடுத்து ஜனவரியில் சான்றிதழ் சரிபார்ப்பு. இங்கே, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் பி.எட். சான்றிதழின் அசல், நான் வேலை பார்த்த பள்ளியின் அலுவலக அலமாரியில் இருந்தது. கல்வியாண்டு நடுவில் ஆசிரியர்கள் போய்விடக்கூடாது என்று சேரும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேட்டதற்கு, "ஏப்ரலில் வாருங்கள் டீச்சர்" என்றார் தாளாளர். நான்கு நாட்கள் அவர் அறை வாசலில் நின்றேன். கடைசியில் என் தந்தை தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, ஒரே ஒரு நாளைக்கு என்று சொல்லிச் சான்றிதழைக் கொடுத்தார்கள். நான் படித்து வாங்கிய காகிதம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த வாசலில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. ஆசிரியர் தகுதிக்கு இத்தனை சட்டம் எழுதியவர்கள், அந்தத் தகுதிச் சான்றைப் பறித்து வைத்துக்கொள்பவர்களை ஏன் கண்டுகொள்வதில்லை?

சரிபார்ப்பு முடிந்ததும் வேலை வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை 82 ஆகக் குறைத்தார்கள். மே மாத இறுதியில் 71ஆம் எண் அரசாணை வந்தது. டெட்டுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று வெயிட்டேஜ், அதாவது நூற்றுக்கு எதற்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு. என் பிளஸ் டூ 62 சதவீதம், பட்டம் 55, பி.எட். 66. எல்லாம் சேர்த்து 63.55 வந்தது. என்னோடு பயிற்சி வகுப்பில் படித்த, என்னைவிடப் பத்து வயது இளைய பெண் டெட்டில் 86தான். ஆனால் பிளஸ் டூவில் 92, பட்டத்தில் 80, பி.எட்.டில் 85 சதவீதம். அவள் மொத்தம் 68.35. பட்டியலில் அவள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை.

அவள் நல்ல ஆசிரியை. அவள்மீது எனக்கு வருத்தமில்லை. "நீங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுத்திருக்கலாமே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அவளை எட்ட டெட்டில் நான் 110 எடுத்திருக்க வேண்டும். 1996இல் எங்கள் ஊரில் 62 சதவீதம் என்பது பெருமையோடு சொல்லிக்கொள்ளும் மதிப்பெண். பதினேழு வயதில், வேறொரு காலத்துப் பாடத்திட்டத்தில், வேறு விதமாகத் திருத்தப்பட்ட விடைத்தாளுக்கு நான் முப்பத்தைந்து வயதில் விலை கொடுத்தேன். உச்ச நீதிமன்றம் 2016 நவம்பரில் அந்த அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது, தெரியும். சட்டப்படி செல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. தகுதித் தேர்வே வேண்டாம் என்று சொல்பவளும் அல்ல. குழந்தைகளுக்குப் பின்னம் சொல்லித் தருபவருக்குப் பின்னம் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு எழுதி முடித்த பிறகு விதியை எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு 2018இல் வெயிட்டேஜையே எடுத்துவிட்டார்கள். டெட் தேறியவர்கள் தனியாக ஒரு நியமனத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அந்தத் தேர்வு எப்போது என்று கேட்டுக் கேட்டே ஆண்டுகள் ஓடின. டெட் சான்றுக்கு ஏழு ஆண்டுகள்தான் ஆயுள் என்பதால் 2020இல் என் சான்று காலாவதியானது. கொரோனா வந்து பள்ளி பாதிச் சம்பளம் கொடுத்த அதே ஆண்டு. 2021 ஜூனில் சான்று ஆயுள் முழுவதும் செல்லும் என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் அறிவித்த இரவு அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டதாரி ஆசிரியர் நியமனத் தேர்வு ஒருவழியாக 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. எழுதினேன். கிடைக்கவில்லை. இந்த முறை என் மதிப்பெண் போதவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்று ஆகிவிட்டது. "இப்போது அவர்களுக்குத் தெரியட்டும்" என்று என் தோழிகள் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நடுவழியில் மாறும் விதி ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதைப் பார்த்தவள் நான்.

உங்களுக்கு நான் சொல்வது: டெட் எழுதுங்கள், சான்று இனிக் காலாவதியாகாது. ஆனால் அதோடு நிறுத்தாமல் நியமனத் தேர்வுக்கான பாடத்தையும் இப்போதே சேர்த்துப் படியுங்கள். அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் உண்டு, அலட்சியம் வேண்டாம். வேலையில் இருந்தபடியே, விடியற்காலையில் இரண்டு மணி நேரம் படித்தால்கூட முடியும். 98 எடுத்தது அப்படித்தான். உங்கள் அசல் சான்றிதழ்கள் பள்ளியில் இருந்தால், தேர்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள்.