40 கிலோஹேட்ஸ் வில்லையை ஒட்டிப் பளிங்கில் மேற்பரப்பலையைக் காண முடியுமா?

திருநெல்வேலியிலிருந்து இறுதியாண்டு பௌதிகவியல் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். லித்தியம் நயோபேற்று என்ற பளிங்கின் (படிகத்தின்) மேற்பரப்பில் கழியொலி அலையை, அதாவது காதுக்குக் கேட்காத உயர் மீடிறன் அதிர்வை, ஓடவிட்டு, பளிங்கில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிரின் கோணலில் அதன் தடத்தைப் பார்ப்பது அவருடைய செயற்றிட்டம். முகவர் ஒருவர் “இது போதும்” என்று விற்ற, மின் கொடுத்தால் அதிரும் 40 கிலோஹேட்ஸ் வில்லையை ஒட்டி, தூள் மாதிரிக்கான இயந்திரத்தில் வைத்தாராம். கதிரின் செறிவு வரைபில் 62.4 பாகையில் வந்த உச்சிக்கு வலப்பக்கம் சின்னதாக இன்னொன்று. “இது அலையால் வந்ததா, சேர்?” என்கிறார்.

இல்லைத் தம்பி. வில்லையின் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள், அது அப்படியே நிற்கும். எக்ஸ் கதிர் தரும் செம்புக் குழாயிலிருந்து 1.5406, 1.5444 ஆங்ஸ்ட்ரம் என்று இரண்டு அலைநீளங்கள் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவது ஏறக்குறைய அரைவாசிச் செறிவோடு 0.17 பாகை தள்ளி விழும். அலையால் வரும் துணை உச்சிகள் என்றால் இரண்டு பக்கமும் சோடியாக வரும்.

காரைநகர் கசூரினாக் கரையில் நீர் வற்றும்போது மணலில் வரிவரியாக மேடு பள்ளம் கிடக்குமே, மேற்பரப்பலையும் பளிங்கின் முகத்தில் அப்படித்தான் வரி போடுகிறது. வரி நெருக்கமாக இருக்க வேண்டும். உங்கள் பளிங்கில் அலை செக்கனுக்குச் சுமார் 3,500 மீற்றர் ஓடுவதால் 40 கிலோஹேட்ஸில் ஒரு வரி கிட்டத்தட்ட 9 சென்ரிமீற்றர், உங்கள் பளிங்கோ விரல்நகம் அளவு! சீப்புப் பற்களைக் கோத்ததுபோல உலோகக் கோடுகளைப் பளிங்கின் மேலேயே பதித்து 870 மெகாஹேட்ஸ் கொடுத்தால்தான் வரி 4 மைக்ரோமீற்றருக்கு இறங்கும். அப்போதும் துணை உச்சி தள்ளி நிற்பது 0.002 பாகை அளவுதான், தூள் இயந்திரம் அதைப் பிரித்துக் காட்டாது.

கழியொலி என்ற பெயரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடி கழுவும் தொட்டியின் வில்லையை எடுத்து நீட்டுகிற ஆட்கள் பெருகிவிட்டார்கள். எனக்கும் ஒருவர் எந்தத் திசையில் வெட்டியது என்றே தெரியாத பளிங்கை “முதல்தரம்” என்று தலையில் கட்டினார். வெட்டு எது, மீடிறன் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகம் மூன்று விலைமனு கேட்டு, குறைந்ததை எடுத்து, சாமான் வந்து சேரும்போது மாணவனின் ஆண்டே முடிந்துவிடுகிறது. அந்த அவசரத்தில்தான் பிள்ளைகள் இவர்களிடம் போய் மாட்டுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

ஆனால் துணை உச்சியைத் தேடாமலே அதிர்வின் தடத்தைப் பார்க்க ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் வழி. 1931 இல் பொக்ஸ், கார் என்ற இருவர் குவாட்ஸ் தட்டை மின்னால் அதிரவைத்தபோது எக்ஸ் கதிர்ப் புள்ளிகளின் செறிவு கூடியதைக் கண்டார்கள். துணை உச்சி அல்ல, செறிவு, அதைக் கவனியுங்கள். குறையில்லாத பளிங்கில் மேல் அணு அடுக்குகளே கதிரைத் திருப்பிவிடுவதால் கீழே உள்ளவற்றுக்குக் கொஞ்சம்தான் போய்ச் சேரும். அதிர்வு அடுக்குகளைச் சற்று வளைக்கும்போது கீழே உள்ளவையும் பங்கெடுக்கின்றன. அதனால் தூளிலோ சாதாரண உலோகத் துண்டிலோ இது தெரியாது, நல்ல ஒற்றைப் பளிங்கு வேண்டும். வானொலிக்குப் போடும் மெகாஹேட்ஸ் குவாட்ஸ் தட்டு ஒன்று கிடைத்தால் தொடங்கலாம்.

சரி, மேற்பார்வையாளரிடம் தலைப்பை மாற்றக் கேளுங்கள். அளக்கும்போது அதிர்வைப் போட்டும் நிறுத்தியும் மாறிமாறி எடுங்கள். தட்டு சூடேறினால் உச்சி இடப்பக்கம் நகரும், அதை அலை என்று எழுதிவிடாமல் ஆறவிட்டு மறுபடி எடுங்கள்.