அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் பழைய வாடகை ஒப்பந்தம் ஆகஸ்ட் 14-இல் முடிகிறது, புது வீட்டின் ஒப்பந்தம் 15-இல்தான் தொடங்குகிறது. 14 இரவு எங்கே தங்குவது?

புது வீட்டுக்காரருக்கு இன்றே எழுதி, ஒரு நாள் முன்னதாகச் சாவி கிடைக்குமா என்று கேளுங்கள். வீடு ஏற்கெனவே காலியாக இருந்தால் கொடுக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் இப்போதைய வீட்டில் ஓர் இரவு கூடுதலாகக் கேளுங்கள். எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பித் தங்கிவிட்டால், அந்த நாளுக்கு இரட்டை வாடகை கேட்க விஸ்கான்சின் சட்டம் இடம் தருகிறது.

பழைய ஒப்பந்தம் 14-இல் முடிந்து புதியது 15-இல் தொடங்குவது உங்களுக்கு மட்டும் நேர்ந்த குளறுபடி இல்லை. அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஏராளமான வீடுகளுக்கு இதே தேதிதான். இடையில் சுத்தம் செய்து வண்ணம் அடிப்பார்கள். இரண்டு ஒப்பந்தங்களிலும் மணி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் மறுத்தால், சாமானை வாடகைக்கு எடுத்த டிரக்கில் பூட்டி வைத்துவிட்டு நண்பர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள். டிரக்கை இப்போதே பதிவு செய்யுங்கள்.

அப்புறம், மேசை நாற்காலி வாங்க அவசரப்படாதீர்கள். அந்த நாட்களில் மிஃப்லின் தெருப் பக்கம் வீடு காலி செய்பவர்கள் நடைபாதையெங்கும் நல்ல நல்ல பொருள்களை வெளியே வைத்துவிடுவார்கள். 'ஹிப்பி கிறிஸ்துமஸ்' என்று ஊரே அதைக் கொண்டாடும். யாரும் எடுத்துப் போகலாம். மெத்தையும் சோபாவும் மட்டும் வேண்டாம், மூட்டைப்பூச்சி இருக்கலாம். மரச்சாமானையும் டார்ச் அடித்து இடுக்குகளைப் பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுபோங்கள்.