பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு மானிட்டர் போட முடியுமா, இல்லை புதுசுதான் வாங்க வேண்டுமா?

தாராளமாகப் போடலாம். ஆனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன் பெட்டியைத் திருப்பி வைத்து முதுகைப் பாருங்கள். அதைச் செய்யாமல்தான் நான் இரண்டு முறை ஈப்போவுக்கு அலைந்தேன்.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள் நாலைந்து பேருக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். ஆலையில் எடை போட்ட சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதைப் பார்த்து எக்செல்லில் ஏற்றுவது என் வேலை. ஒரே திரையில் சீட்டைப் பார்த்துவிட்டு எக்செல்லுக்குத் தாவுவதற்குள் 12,340 கிலோ 12,430 ஆகிவிடும். அந்த 90 கிலோவைத் தேடியே ஒரு ராத்திரி போனது. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்த அப்பா பார்த்துவிட்டு, "நாங்கள்லாம் செக்ரோலைப் பக்கத்துலயே விரிச்சு வச்சுக்கிட்டுத்தான் எழுதுவோம்" என்றார். செக்ரோல் என்பது தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் பேரேடு. இரண்டாவது மானிட்டர் ஆசை அப்படித்தான் வந்தது.

என்னுடையது டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 2011 மாடல், ஒல்லிப் பெட்டி. பின்னால் மானிட்டர் கேபிள் மாட்டும் பழைய வகைப் போர்ட், நீல நிற விஜிஏ ஒன்று. பக்கத்தில் இருந்த இன்னொன்றை எச்டிஎம்ஐ என்று நினைத்து கேபிள் வாங்கி வந்தேன். நுழையவே இல்லை. அடுத்த நடையில் ஒரு கடையில் ஸ்பிளிட்டர் கொடுத்தார்கள். மாட்டினால் இரண்டு திரையிலும் அதே எக்செல்! ஸ்பிளிட்டர் ஒரே படத்தைத்தான் இரண்டு இடத்தில் காட்டும். கோயில் மண்டபத்தில் இரண்டு பக்கமும் திரை வைக்க உதவும், நமக்கு உதவாது.

நுழையாமல் போனது டிஸ்பிளேபோர்ட். எச்டிஎம்ஐ போர்ட்டின் கீழ் மூலைகள் இரண்டும் சரிந்திருக்கும். டிஸ்பிளேபோர்ட்டில் ஒரே ஒரு மூலைதான் வெட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் உடனே தெரியும். அதிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றை வாங்கி, 60 வெள்ளிக்குக் கிடைத்த பழைய 19 அங்குல மானிட்டரை மாட்டினேன். விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுத்தேன், இரண்டு திரையிலும் வேறு வேறு ஜன்னல் வைக்கலாம், முடிந்தது. கம்ப்யூட்டருக்குள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

அடாப்டருக்குத் திசை உண்டு என்பதை மறக்காதீர்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவதைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, மானிட்டரில் என்ன இருக்கிறது, இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்டெல் இரண்டாம் தலைமுறைப் பிராசஸரில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இரண்டு திரை வரை தாங்கும். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து மூன்று தாங்கும், பின்னால் அதற்கேற்ற போர்ட்டுகள் இருந்தால்.

விஜிஏ ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டு போடலாம். ஆசை விடாமல் மூன்றாவது திரைக்காக நானும் ஒன்று போட்டேன், ஜிடி 710. வெறும் 19 வாட், தனியாகக் கரண்ட் கேபிள் வேண்டாம், பழைய பவர் சப்ளையே போதும். ஒல்லிப் பெட்டி என்றால் லோ புரொபைல் என்னும் குட்டைக் கார்டு கேட்டு வாங்க வேண்டும். கார்டைப் பெட்டியோடு பிடித்து வைக்கும் தகரம் நெட்டையாக இருக்கும். டப்பாவில் குட்டைத் தகரம் தனியாகக் கிடக்கும், டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விஜிஏ போர்ட் ரிப்பன் வயரோடு கழன்று வரும், அதற்கும் தனித் தகரம். அந்தக் குட்டித் திருகுகளை மாற்றத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆனது.

கார்டு போட்டதும் பழைய போர்ட்டில் மாட்டியிருந்த மானிட்டர் இருண்டு போனது. கார்டைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்தேன். பல கம்ப்யூட்டர்கள் கார்டைக் கண்டதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டும் வசதி சிலவற்றில் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் இருக்கும். தேடக் கஷ்டமாக இருந்தால் எல்லா மானிட்டரையும் கார்டிலேயே மாட்டிவிடுங்கள்.

கார்டு போடாமல் யுஎஸ்பி போர்ட்டிலேயே மானிட்டரை மாட்ட யுஎஸ்பி அடாப்டரும் இருக்கிறது. டிரைவர் போட வேண்டும், பிராசஸருக்கும் வேலை வைக்கும். கணக்கு எழுதப் போதும். பழைய யுஎஸ்பி 2-ல் மாட்டி வீடியோ பார்த்தால் திக்கித் திணறும்.

திரை கூடியதால் என் கம்ப்யூட்டர் மெதுவாகவில்லை. இடம் கிடைத்ததே என்று நான் திறந்து வைத்த ஜன்னல்களால்தான் மெதுவானது. 4 ஜிபி ரேமை 8 ஆக்கினேன், சரியானது. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, இந்த வயதுப் பெட்டிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதனால் பேங்க் வேலையை நான் இதில் செய்வதில்லை.

நம் பக்கம் சாயங்கால இடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வானம் கறுத்தால் கம்ப்யூட்டர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு மானிட்டர்களை அப்படியே விட்டுவிடாதீர்கள். எல்லாமே கேபிளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் எல்லாவற்றையும் ஒரே நீட்டுப் பலகையில் மாட்டி, அந்த ஒரு பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவேன்.